உலோக அச்சில் வெப்பமும் மேற்பரப்பும்

உலோகத்தைக் கடைந்தும் செதுக்கியும் குறைப்பதற்கு மாறாக, உருகிய உலோகத்தை அடுக்கடுக்காகச் சேர்த்து ஒரு பொருளை உருவாக்கும் முறை இன்று உலோக முப்பரிமாண அச்சு என்று அழைக்கப்பட்டாலும், அதன் தொடக்கம் கணினிக்கு வெகு முந்தியது. அமெரிக்கரான ரால்ஃப் பேக்கர், மின்வில்லின் வெப்பத்தால் உலோகத்தை உருக்கி, வரிமேல் வரியாகப் படியவைத்து அலங்காரப் பொருள்கள் செய்யும் முறைக்கு 1920-இல் காப்புரிமை கோரி 1925-இல் பெற்றார். அப்படி எழுப்பிய சுவரில் ஒவ்வொரு வரியும் தனி மேடாகத் தெரியும். அலங்காரக் கலத்துக்கு அது அழகாகலாம், ஆனால் எந்திர உறுப்புக்கு ஆகாது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 1980-களில் கார்ல் டெக்கார்டும் அவருடைய பேராசிரியர் ஜோ பீமனும் உருவாக்கிய முறையில், பரப்பப்பட்ட தூளின்மீது லேசர் ஓடித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்தது. உலோகத்துக்கு வந்தபோது இம்முறை முழு உருகலைத் தவிர்த்தது. எஃகுத் துகளின்மேல் பூசிய பிளாஸ்டிக்கை மட்டும் லேசரால் இளக்கி, பின்னர் உலையில் அந்தப் பிளாஸ்டிக்கை எரித்து நீக்கி, எஞ்சிய துளைகளில் செம்பு அல்லது வெண்கலத்தை ஊறவைத்தார்கள். 1995-இல் சந்தைக்கு வந்த ஜெர்மனியின் இ.ஓ.எஸ். நிறுவன எந்திரம் வெண்கலமும் நிக்கலும் கலந்த தூளில், எளிதில் உருகும் பகுதியை மட்டும் உருக்கியது. வார்ப்பச்சுகள் செய்ய இது போதுமானதாக இருந்தது. எனினும் இந்தத் தலைமுறை வெப்பத்தை ஆளவில்லை, அதற்கு ஒதுங்கியே நடந்தது என்பதே சரியான மதிப்பீடு.

ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் லேசர் ஆய்வுக்கழகத்தில் மைனர்ஸ், விசன்பாக், காசர் ஆகியோர் 1996-இல் காப்புரிமை கோரிய முறை அந்த ஒதுக்கத்தைக் கைவிட்டு, ஒரே உலோகத்தின் தூளை முழுமையாக உருக்கியது. உறுதியும் அடர்த்தியும் கூடின. ஆனால் மேற்பரப்பின் தொல்லை முழு அளவில் வெளிப்பட்டதும் அப்போதுதான். லேசர் படும் இடத்தில் தோன்றும் சிறு உருகுகுளம் நொடிக்குப் பல லட்சம் டிகிரி என்ற வேகத்தில் குளிர்ந்து உறைவதால், அந்தக் குறுகிய கணத்தில் குளம் கொண்டிருந்த வடிவமே பொருளின் மேற்பரப்பாக நிலைத்துவிடுகிறது. லேசர் மிக வேகமாக ஓடினால் குளம் நீண்டு மெலிகிறது. மெல்லிய நீர்த்தாரை தன் சுற்றளவைவிட நீளும்போது துளிகளாக உடையும் என்று பெல்ஜிய அறிஞர் பிளாட்டோ 1873-இல் விளக்கி, ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி 1878-இல் கணித வடிவம் தந்த அதே விதிப்படி, பரப்பு இழுவிசை அந்தக் குளத்தையும் உடைத்து வரிசையான உலோக உருண்டைகளாக்குகிறது. ஆக்சிஜன் இருந்தால் ஆக்சைடுப் படலம் உருகிய உலோகத்தைப் பரவவிடாமல் இந்தக் கேட்டை மிகுவிக்கும் என்பதாலேயே அச்சறை ஆர்கான் அல்லது நைட்ரஜனால் நிரப்பப்பட்டது. மாறாக, லேசர் மெதுவாக ஓடி வெப்பம் அளவு மீறினால் உலோகம் ஆவியாகிக் குளத்தைக் குடைந்து, சிதறிய துளிகளைப் பரப்பின்மேல் தெறிக்கவிடும்.

குளத்தின் உள்ளோட்டத்தை விளங்கிக்கொள்ளப் பற்றவைப்புத் துறையின் அறிவு கைகொடுத்தது. சூடு மிகுந்த நடுப்பகுதியில் பரப்பு இழுவிசை குறைந்தும் விளிம்பில் கூடியும் இருப்பதால் உருகிய உலோகம் நடுவிலிருந்து விளிம்புக்கு இழுக்கப்படுகிறது; 1865-இல் பாவியாவில் இதைப் பற்றி ஆய்வேடு எழுதிய கார்லோ மரங்கோனியின் பெயரையே இவ்விளைவு பெற்றுள்ளது. எஃகில் மிகச் சிறிதளவு கந்தகம் கலந்திருந்தாலும் இந்த ஓட்டம் திசைமாறும் என்று பற்றவைப்பு ஆய்வாளர்களான ஹெய்ப்பிளும் ரோப்பரும் 1982-இல் காட்டியது, தூளின் வேதியியலும் மேற்பரப்பைத் தீர்மானிக்கும் என்பதற்கு முன்னறிவிப்பாக அமைந்தது.

இவற்றைவிடக் கடினமானது, அடியில் தாங்கலின்றி நீட்டி நிற்கும் பகுதிகளின் கீழ்ப்பரப்பு. திட உலோகம் வெப்பத்தை விரைந்து கடத்துகிறது. தூளின் கடத்துதிறனோ அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் என்பதால், தூளின்மேல் உருவாகும் குளம் சூடு தணியாமல் கீழே கசிந்து, துகள்களை இழுத்துக்கொண்டு உறைகிறது. சுவீடனின் ஆர்காம் நிறுவனம் எதிர்த்திசையில் சென்றது: வெற்றிடத்தில் எலெக்ட்ரான் கற்றையைக் கொண்டு டைட்டானியத் தூள்படுகையையே ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்ததால், சீரற்றுக் குளிரும்போது உலோகத்துக்குள் தங்கிவிடும் உள்தகைவுகள் வெகுவாகக் குறைந்தன, ஆனால் சூடான பருமனான துகள்கள் ஓரங்களில் ஒட்டி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கின. சராசரிக் கோட்டிலிருந்து மேடுபள்ளங்கள் விலகும் அளவைச் சொரசொரப்பு என்று கணக்கிடுவர். அச்சிட்டபடியே லேசர் முறையில் அது பொதுவாக 5 முதல் 20 மைக்ரோமீட்டர், எலெக்ட்ரான் முறையில் பெரும்பாலும் 20-க்கும் மேல். மீண்டும் மீண்டும் சுமை ஏறி இறங்கும் உறுப்பில் இந்தப் பள்ளங்களிலிருந்தே விரிசல் தொடங்குவதால், இதை வெறும் தோற்றக் குறை என்று ஒதுக்க இயலாது.

20 துண்டுகளாக இருந்ததை ஒன்றாக்கி அச்சிட்ட எரிபொருள் முனையுடன் லீப் வகை ஜெட் எந்திரம் 2016-இல் பயணிகள் விமானச் சேவைக்கு வந்தபோது, சிக்கல் பொருளின் உட்புறத்துக்கும் நகர்ந்தது. வெளிப்பரப்பை அரத்தாலும் மெருகாலும் திருத்திக்கொள்ளலாம். வளைந்து செல்லும் உட்குழாய்களில் அரம் நுழையாது, சாணைக்கூழைச் செலுத்தித் தேய்த்தாலும் அமிலத்தால் அரித்தாலும் எல்லா இடமும் ஒரே சீராகத் தேயாது.