ஒரு கட்டுரை, பல தீர்ப்புகள்

கணக்குத் தாளைத் திருத்துவோர்க்கு விடைப்பட்டியல் துணை நிற்கும். கட்டுரையைத் திருத்துவோர்க்கோ தம் மனமே துணை என்பர். அம்மனம் எத்துணை நம்பத்தக்கது என்னும் வினாவை மேலை நாட்டறிஞர் நூறாண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துள்ளனர். மாணவரின் மேற்படிப்பு ஓரிரு புள்ளிகளில் தொங்கும் நிலை உள்ளவரை, அவ்வரலாறு நமக்கும் உரியதே.

1888-ஆம் ஆண்டிலேயே எட்ஜ்வொர்த் என்னும் பொருளியலறிஞர், தேர்வு முடிவுகளில் தற்செயலுக்கும் பங்குண்டு என்பதைப் புள்ளியியல் வழியே எடுத்துக்காட்டினார். எனினும் பள்ளி உலகை விழிக்கச் செய்தவர்கள் அமெரிக்கர்களான ஸ்டார்ச்சும் எலியட்டும் ஆவர். உயர்நிலைப்பள்ளி மாணவர் இருவரின் ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்து அவர்கள் பல பள்ளிகளுக்கு அனுப்பினர். 1912-இல் வெளியான முடிவின்படி, 142 ஆசிரியர் திருத்தியதில் ஒரு தாள் 64 முதல் 98 வரையும், மற்றது 50 முதல் 97 வரையும் புள்ளி பெற்றிருந்தது. மொழிப்பாடம் அப்படித்தான் என்று அமைதி கொள்ளவும் வழியில்லை. மறு ஆண்டில் அவர்கள் வெளியிட்ட வடிவகணிதத் தாளின் ஆய்வில் வேறுபாடு இன்னும் பெரிதாயிற்று!

திருத்துவோர் பலராயின் கருத்து வேறுபடுதல் இயல்பு. ஒருவரே இருமுறை திருத்தினால்? இங்கிலாந்தில் ஹார்ட்டாக், ரோட்ஸ் இருவரும் 1935-இல் இவ்வினாவுக்கு விடை தந்தனர். பள்ளிச் சான்றிதழ்த் தேர்வின் வரலாற்றுத் தாள்கள் பதினைந்தினை, ஓராண்டுக்கு மேல் இடைவெளி விட்டு, தேர்வாளர் பதினால்வர் மீண்டும் திருத்தினர். அந்த 210 தீர்ப்புகளுள் 92 தீர்ப்புகள் மாறிப்போயின. முன்பு தேறியவர் பின்பு தவறினார்; தவறியவர் தேறினார். மலாயா மாணவர் அந்நாளில் எழுதிய கேம்பிரிட்ஜ் பள்ளிச் சான்றிதழும் இவ்வகைத் தேர்வே என்பதை நாம் மறத்தலாகாது.

இம்மாறுபாட்டின் காரணத்தைத் துலக்கியவர் டீடெரிக்கும் அவர்தம் துணைவரும் ஆவர். 1961-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரியில் புதிதாய்ச் சேர்ந்தோர் எழுதிய 300 கட்டுரைகளை, ஆசிரியர், எழுத்தாளர், வழக்கறிஞர், வணிகர் எனப் பல துறையினர் 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரமாகப் பிரிக்கச் சொன்னார்கள். அளவுகோல் எதுவும் தரப்படவில்லை. 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றன! ஆராய்ந்தபொழுது, சிலர் கருத்தையும், சிலர் பிழையையும், சிலர் அமைப்பையும், சிலர் சொல்லாட்சியையும், சிலர் எழுதுவோரின் தனித்தன்மையையும் முதன்மையாகக் கொண்டமை புலனாயிற்று. அவர்கள் நேர்மையற்றவர் அல்லர். ஒவ்வொருவரும் வெவ்வேறு ஒன்றை அளந்தனர்.

தீர்வும் பிறந்தது. 1966-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், உயர்நிலைப்பள்ளி மாணவர் 646 பேர் ஐந்து தலைப்புகளில் எழுதினர். ஒவ்வொரு கட்டுரையையும் ஐவர் படித்து, ஒட்டுமொத்த மதிப்பு வழங்கினர். அவற்றைக் கூட்டிய முடிவு நம்பத்தக்கதாய் அமைந்தது. ஒரு கட்டுரை, ஒரு திருத்துநர் என்னும் முறையே நலிவுடையது என்பது தெளிவாயிற்று.

அதே ஆண்டில் எல்லிஸ் பேஜ் என்பார் கணிப்பொறியைக் கொண்டு கட்டுரை திருத்த முனைந்தார். பொறி பொருளை உணரவில்லை. கட்டுரையின் நீளம், சொற்களின் நீளம், காற்புள்ளி ஆகியவற்றையே எண்ணியது. எனினும் அதன் மதிப்பீடு மனிதரின் மதிப்பீட்டோடு பெரிதும் ஒத்துச் சென்றது. இங்கேதான் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். எண்ணத்தக்கவற்றில் ஒற்றுமை காண்பது எளிது. ஆனால் எண்ணத்தக்கவற்றுக்கே புள்ளி என்றால், மாணவர் சிந்திப்பதை விடுத்து மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்வர். புள்ளி உயரும், தமிழ் உயராது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, தாள்கட்டினைப் பிரிக்குமுன் நாம் ஒருங்கமர்ந்து சில தாள்களைப் படித்து, எதனைச் சிறப்பென்போம் என்பதில் உடன்பாடு காண்போம். மாணவர் பெயரை மறைத்துத் திருத்துவோம். ஐயத்திற்குரிய தாளை மற்றொருவர்க்கும் தருவோம். ஒரே கட்டுரையைக் கொண்டு ஒரு பிள்ளையின் மொழித்திறனை முடிவு கட்டாதிருப்போம். அளவுகோலில் அடங்காத ஒரு புதிய எண்ணத்தைப் பிள்ளை எழுதியிருப்பின், அதற்கும் இடம் வைப்போம். சிவப்பு மையால் நாம் இடும் எண் சிறியது. அதனைச் சுமக்கும் பிள்ளைக்கு அது சிறியதன்று.