சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. போருக்குப் பின் அதுவே மோட்டார் பந்தயத் திடலாயிற்று. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்குப் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே 3.7 கிலோமீட்டர் தடம் திறக்கப்பட்டது. இன்று சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கப் புதியவர்களும் வருகின்றனர்.

அவர்களுள் பலர் எஞ்சினின் ஆற்றலைக் கூட்டவே எண்ணுவர். முதலில் கவனிக்க வேண்டியதோ பிரேக்தான். ஏன்? வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 1,000 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 386 கிலோஜூல் ஆற்றலைத் தாங்கி ஓடுகிறது. நிறுத்தும்போது அது பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாகிறது. தடத்தில் வளைவுகள் அடுத்தடுத்து வருவதால் பிரேக் ஆற நேரமில்லை.

வெப்பம் மிகுந்து பிரேக் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவம் எளிதில் சுருங்காது, ஆவி சுருங்கும். மிதி தரைவரை இறங்கும், கார் நிற்காது!

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டாட் 4' வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் 155 டிகிரி வரை இறங்கலாம். தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரத்தில் மழைக்காலத்தில் உப்புக் கசிவதைக் காண்கிறோமல்லவா? அதே ஈரம் ரப்பர் குழாய் வழியே ஆயிலிலும் மெல்லப் புகுகிறது. ஆகவே தடத்திற்குப் புறப்படுமுன் பழைய ஆயிலை முழுதும் நீக்கிப் புதியதை நிரப்புவதே முதல் வேலை.