வாகன வலையமைப்பு வழியறி நெறிமுறைகள்

ஓடும் வாகனங்கள் கைபேசிக் கோபுரத்தின் துணையின்றித் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் செய்தி எந்த வண்டி வழியாகப் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் விதிகள். இவற்றின் முதல் தலைமுறை, மெதுவாக நகரும் கருவிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2003இல் முறையான விவரக்குறிப்பாக வெளியான ஓ.எல்.எஸ்.ஆர். எல்லா வழிகளையும் அட்டவணையாக முன்கூட்டியே வைத்திருக்கும். அதே ஆண்டில் அவ்வாறே வெளியான ஏ.ஓ.டி.வி. தேவைப்படும்போது மட்டும் வழி தேடும்.

சாலையில் இரண்டுமே திணறுகின்றன. எதிரெதிரே மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும் இரு கார்களின் அலை எட்டும் தூரம் 300 மீட்டர் என்றால், அவை தொடர்பில் இருப்பது 12 விநாடிதான். தேடிப் பிடித்த வழி பயன்படுமுன்பே அறுந்துபோகலாம்.

பிராட் கார்ப், எச். டி. குங் இருவரும் 2000இல் முன்வைத்த ஜி.பி.எஸ்.ஆர். வழியையே நினைவில் வைப்பதில்லை. சேருமிடத்துக்கு மிக அருகிலுள்ள அண்டை வண்டியிடம் செய்தியைத் தள்ளிவிடும்; தன்னைவிட அருகில் எந்த வண்டியும் இல்லாவிட்டால் வெற்றிடத்தின் விளிம்பைச் சுற்றிப் போகும். ஆனால் சேரவேண்டிய வண்டி எங்கே இருக்கிறது என்பதை வேறு யாராவது சொல்ல வேண்டும். நகரத்தில் கட்டடங்கள் அலையை மறிப்பதால், சந்திப்பில் நிற்கும் வண்டிக்கு முன்னுரிமை தரும் ஜி.பி.சி.ஆர். பின்னர் வந்தது.

வேறு வண்டியே இல்லாத நள்ளிரவுச் சாலையில் இவற்றில் எதுவும் உதவாது. அடுத்த வண்டி வரும்வரை செய்தியைச் சுமந்து செல்வதே வழி. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான எட்சியின் தரநிலையும், ஜி.பி.எஸ்.ஆர். போல இருப்பிடத்தை வைத்து வழி அறியும் முறையையே ஏற்றுள்ளது.