சம்பளமில்லாத காவற்காரர்கள்: யூஸ்நெட் என்ற பெருஞ்சபையின் கதை

ஊரில் சனசமூக நிலையமொன்றை நடத்திப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். முப்பது பேர் வந்து பத்திரிகை வாசித்துவிட்டுப் போகும் வரை அதற்கு யாப்பும் தேவையில்லை, விதியும் தேவையில்லை. திறப்பு யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அது போதும். முந்நூறு பேர் வரத் தொடங்கியதும்தான் கேள்விகள் எழுகின்றன. எந்தப் பத்திரிகையை வாங்குவது? அதற்கு யார் பணம் கொடுப்பது? சத்தமிடுபவரை யார் வெளியேற்றுவது? வெளியேற்றும் அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள்? நேற்றுவரை ஒரு சதமும் வாங்காமல் விடியற்காலையில் கதவைத் திறந்து கூட்டித் துடைத்தவர், இன்று "தன்னிச்சையாக நடப்பவர்" என்று பெயரெடுக்கிறார்.

இணையவெளியில் இந்த அனுபவத்தைப் பெரிய அளவில் முதலில் சந்தித்தவர்கள் யூஸ்நெட்டை நடத்திய தொண்டர்கள். இன்று முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் குழுக்களை நடத்தித் தூக்கமிழக்கும் பலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர்கள் இன்று படும் பாடுகள் ஒவ்வொன்றும் 1980களிலேயே அங்கு பட்டுத் தீர்க்கப்பட்டவை. அல்லது தீராமல் விடப்பட்டவை.

தொலைபேசிக் கம்பியில் பிறந்த சபை

1979ஆம் ஆண்டின் பிற்பகுதி. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் டியூக் பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவர்களான ரொம் ட்ரஸ்கொட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரும் ஒரு யோசனையை முன்வைத்தனர். யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகள் தொலைபேசி மூலம் ஒன்றையொன்று அழைத்துச் செய்திகளைப் பரிமாறிக்கொண்டால் என்ன என்பதே அது. அருகிலிருந்த சப்பல்ஹில் வட கரோலைனாப் பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் பெலொவின் அதற்கான முதல் நிரலை எழுதினார். 1980 ஜனவரியில் யூனிக்ஸ் பயனாளர்களின் மாநாட்டில் அது பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது.

அக்காலத்தில் ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் இயங்கியது. அத்துறையோடு தொடர்பில்லாத பல்கலைக்கழகங்களுக்கு அங்கே இடமில்லை. யூஸ்நெட் அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்கள் கட்டிக்கொண்ட கொட்டில். அதற்குத் தலைமையகம் இல்லை, உரிமையாளர் இல்லை, ஊழியர் இல்லை. ஒரு கணினிக்கு வந்த மடல் அங்கிருந்து அடுத்த கணினிக்குப் பிரதி செய்யப்படும். அது மற்றொன்றுக்கு அனுப்பும். அழைப்புக் கட்டணம் குறைந்த இரவு வேளைகளிலேயே பெரும்பாலான பரிமாற்றம் நடந்தது.

நாளொன்றுக்கு ஓரிரு மடல்கள் வரும் என்பதே தொடக்கியவர்களின் எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. அக்காலக் கணிப்புகளின்படி 1980இல் ஏறத்தாழ 15 கணினி நிலையங்களும் நாளுக்குப் பத்து மடல்களும் இருந்தன. 1984இல் நிலையங்கள் 900 அளவிலும் மடல்கள் 225 அளவிலும் நின்றன. 1988இல் நிலையங்கள் 11,000, மடல்கள் 1,800. முதல் நிரல் இந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. 1981இல் பேர்க்லி மாணவர் மார்க் ஹோர்ட்டனும், அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்த மற் கிளிக்மனும் சேர்ந்து அதைப் புதிதாக எழுதினர். உலகம் முழுவதும் பரவவிருந்த ஓர் அமைப்பின் அத்திவாரத்தில் பள்ளிச் சிறுவனொருவனின் உழைப்பும் கலந்திருந்தது. அவருக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை.

கட்டணம் கட்டியவரின் குரல்

பாரம் கூடக் கூட ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாமற் போனது. தூர அழைப்புகளுக்கு யார் பணம் கட்டுவது? சில பெரிய நிறுவனங்களின் கணினிகளே நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மடல்களைச் சுமந்தன. டிஜிட்டல் எக்குயிப்மென்ட் நிறுவனத்தின் 'டெக்வக்ஸ்' கணினி அவற்றுள் பெயர் பெற்றது. நிறுவனத்தின் தொலைபேசிக் கணக்கில் அந்தச் செலவு கரைந்தது. அக்கணினிகளைப் பராமரித்தவர்கள் தம் வழமையான வேலைக்கு மேலதிகமாகவே இதைச் செய்தார்கள்.

1983இல் ஜோர்ஜியா தொழினுட்பக் கல்லூரியின் ஜீன் ஸ்பஃபர்ட், இத்தகைய முக்கிய நிலையங்களின் நிர்வாகிகளை ஒன்றிணைத்து 'முதுகெலும்பு' என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். மடல்கள் தடையின்றி விரைவாகப் போய்ச் சேரவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆயினும், எந்தச் செய்திக்குழுவை முதுகெலும்பு சுமக்க மறுக்கிறதோ அந்தக் குழு நடைமுறையில் இல்லாததற்குச் சமம். தேர்தலில்லை, யாப்பில்லை, ஆனால் அதிகாரம் உருவாகிவிட்டது. வாசகர்கள் அவர்களைச் 'சதிக்குழு' என்று அழைக்கத் தொடங்கினர். பாதி கேலி, பாதி கோபம்.

1986 நடுப்பகுதிக்கும் 1987 தொடக்கத்துக்கும் இடையில் நடந்த 'பெரும் பெயர்மாற்றம்' இந்த முரண்பாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. குழுக்கள் பெருகி ஒழுங்கு குலைந்திருந்தன. ஐரோப்பாவுக்குச் செல்லும் மடல்கள் அம்ஸ்ரடாம் வழியாகப் போயின. அதற்கான செலவை ஐரோப்பிய நிலையங்கள் பகிர்ந்து கட்டின. சமயச் சண்டைக்கும் வசைக்கும் தாங்கள் ஏன் காசு கட்டவேண்டும் என்று அவர்கள் கேட்டனர். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. எனவே கணினி, அறிவியல், பொழுதுபோக்கு, சமூகம் முதலான ஏழு பெரும் பிரிவுகளாக எல்லாம் அடுக்கப்பட்டன. ஓயாத வாக்குவாதங்களுக்கென 'பேச்சு' என்று தனிப்பிரிவு ஒதுக்கப்பட்டது. விரும்பாத நிலையங்கள் அதனை ஒரே வெட்டில் விட்டுவிடலாம்.

எதிர்ப்பு உள்ளிருந்தே வந்தது. முதுகெலும்பைச் சேர்ந்த பிரையன் றீட் தான் நடத்திய சமையற் குறிப்புக் குழுவின் பெயர் மாற்றப்பட்டதை ஏற்கவில்லை. ஜோன் கில்மோர் போதைப்பொருள் பற்றிய குழுவொன்று வேண்டும் என்றார், மறுக்கப்பட்டது. இவ்விருவரும் கோர்டன் மொஃபெற் என்பவரும் 1987 மே மாதம் கலிபோர்னியாவின் உணவகமொன்றில் கூடி 'மாற்று' என்ற தனிப்பிரிவைத் தொடங்கினர். முதுகெலும்பைத் தொடாமல் தமக்குள் நேரடியாக மடல்களைக் கடத்துவதே திட்டம். அடுத்த ஆண்டு, பாலியல் பற்றிய குழுவொன்று வாக்கெடுப்பில் வென்றும் முதுகெலும்பு அதனை உருவாக்க மறுத்தபோது, றீட் அதனை 'மாற்று'ப் பிரிவில் உருவாக்கிவிட்டார்.

முதுகெலும்பின் அதிகாரம் அத்துடன் சரிந்தது. ஆனால் அதனை வீழ்த்தியது கருத்துச் சுதந்திரம் என்ற இலட்சியம் மட்டும் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. 1986இல் மடல்களை இணைய வழியே கடத்தும் புதிய நெறிமுறை வந்தது. 1987இல் றிக் அடம்ஸ் தொடங்கிய யூயூநெட் கட்டணம் பெற்றுக்கொண்டு மடல்களை விநியோகித்தது. தொலைபேசிக் கணக்கைக் கட்டும் சிலரின் தயவு தேவையற்றுப் போனதும் அவர்களது சொல்லும் செல்லாக்காசாயிற்று. அதிகாரம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே போயிற்று.

ஆசிரியபீடம் இல்லாத ஆசிரியர்கள்

பத்திரிகை ஆசிரியருக்குச் சம்பளம் உண்டு. வழக்கு வந்தால் வாதாட நிறுவனம் உண்டு. பின்னால் ஒரு தொழில் மரபு உண்டு. யூஸ்நெட்டின் மட்டுறுத்துநர்களுக்கு இவற்றில் எதுவும் இருக்கவில்லை. 1987இல் கனடாவின் பிராட் ரெம்பிள்டன் நகைச்சுவைத் துணுக்குகளைத் தெரிவுசெய்து வெளியிடும் குழுவொன்றைத் தொடங்கினார். மிகப் பெரிய வாசகர் கூட்டம் அதற்குச் சேர்ந்தது. 1988 நவம்பரில் யூதர்களைப் பற்றிய ஒரு துணுக்கு வெளிவந்தது. ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் ஆலயங்களும் நொறுக்கப்பட்ட இரவின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு நாட்கள் அவை. முறைப்பாடு எழுந்து, உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போய், வாட்டர்லூ பல்கலைக்கழகம் அக்குழுவைத் தன் கணினிகளில் நிறுத்தியது. 1989இன் தொடக்கத்தில் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் தடை விதித்தது. அங்கே செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடியான ஜோன் மக்கார்த்தி முன்னின்று எதிர்த்த பின்னர் தடை நீக்கப்பட்டது. ஓய்வு நேரத்தில் துணுக்குகளைப் பொறுக்கிய ஒருவரைச் சுற்றி இரண்டு பல்கலைக்கழகங்களின் நிருவாகங்கள் வாதாடின என்பது குறிப்பிடத்தக்கது.

ஸ்பஃபர்ட் பத்தாண்டு உழைப்பின் பின்னர் 1993இல் களைத்து விலகினார். அதே ஆண்டு மார்ச் இறுதியில் ரிச்சர்ட் டெப்யூ என்ற தொண்டர், பொருந்தாத மடல்களைத் தானாகவே நீக்கும் நிரலொன்றை ஏவினார். அது தன் மடலுக்குத் தானே மறுமொழி அனுப்பி, நிர்வாகிகளின் குழுவொன்றில் ஏறத்தாழ 200 மடல்களைக் கொட்டிவிட்டது. காவலுக்கு வைத்த நாய் வீட்டாரையே கடித்த கதை.

முடியாத செப்டெம்பர்

ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பரில் பல்கலைக்கழகங்களின் புது மாணவர்கள் யூஸ்நெட்டுக்கு வருவார்கள். நடைமுறை தெரியாமல் தடுமாறுவார்கள். பழையவர்கள் சொல்லிக்கொடுக்க ஒரிரு மாதங்களில் பழகிவிடுவார்கள். 1994 மார்ச்சில் அமெரிக்கா ஒன்லைன் நிறுவனம் தன் சந்தாதாரர்கள் அனைவருக்கும் வாசலைத் திறந்தது. அதன்பின் புதியவர் வருகை ஓயவேயில்லை. 1993 செப்டெம்பர் இன்னும் முடியவில்லை என்று பழையவர்கள் கசப்போடு சொல்லிக்கொண்டனர். புதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். கற்றுக்கொடுப்பவர் ஒருவருக்குக் கற்க வருபவர் இத்தனை பேர் என்ற விகிதம் குலைந்துவிட்டது, அவ்வளவுதான்.

1994 ஏப்ரல் 12இல் அரிசோனாவைச் சேர்ந்த கன்ரர், சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதியினர், அமெரிக்க வதிவுரிமை அட்டைச் சீட்டிழுப்புப் பற்றிய விளம்பரத்தை 5,000இற்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரே வீச்சில் இட்டனர். புலம்பெயர விரும்புவோரைக் குறிவைத்த விளம்பரம் என்பதால் நம்மவர் பலரும் அதைப் படித்திருப்பார்கள். நோர்வேயைச் சேர்ந்த ஆர்ன்ற் குல்பிரான்சன் அத்தகைய மடல்களை நீக்கும் நிரலை எழுதினார். பின்வந்த ஆண்டுகளில் எரித மடல்களை இரவுபகலாக நீக்குவதே சில தொண்டர்களின் வேலையாயிற்று. பலனடைந்தவை சந்தாப்பணம் வாங்கிய இணைய நிறுவனங்கள். வசவு வாங்கியவர்கள் தொண்டர்கள். 1998 ஏப்ரலில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தங்கள் உழைப்பு நின்றால் என்ன ஆகும் என்பதை நிறுவனங்கள் காணட்டும் என்பதே அவர்களது வாதம். சம்பளமே வாங்காதவர்கள் வேலைநிறுத்தம் செய்வது தொழிற்சங்க வரலாற்றில் அரிய நிகழ்வு.

நம் கதையும் அங்கே உண்டு

யூஸ்நெட்டின் சமூகப் பிரிவில் தமிழர் பண்பாட்டுக்கு ஒரு குழுவும் இலங்கைப் பண்பாட்டுக்கு ஒரு குழுவும் இருந்தன. தமிழ் எழுத்தைக் கணினித்திரையில் காண்பதே அரிதாக இருந்த காலத்தில், புலம்பெயர்ந்த மாணவர்களும் பொறியியலாளர்களும் ஆங்கிலத்திலும் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்த தமிழிலும் அங்கே போர் பற்றியும் ஊர் பற்றியும் வாதாடினார்கள். பண்பாட்டுக் குழுக்கள் எப்போதும் எளிதில் தீப்பற்றுபவை. ஆர்மீனியப் படுகொலையை மறுக்கும் மடல்களைத் தானியங்கி நிரலால் ஆயிரக்கணக்கில் கொட்டிய 'செர்டார் ஆர்கிச்' என்ற புனைபெயர்க்காரர் 1994 வரை பல குழுக்களை மூச்சுத்திணற வைத்தார். காவலில்லாத சபையில் அதிகம் பேசுபவரே உண்மை பேசுபவராகத் தோன்றும் ஆபத்தை எந்த இனமும் தவிர்த்துவிடவில்லை.

அந்த வாதங்கள் இப்போது எங்கே? இங்கேயும் ஒரு தொண்டரிடந்தான் வந்து நிற்கிறோம். ரொறன்ரோப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கணினிகளைப் பராமரித்த ஹென்றி ஸ்பென்சர், 1981 தொடக்கம் பத்தாண்டுகள் யூஸ்நெட் மடல்களை 141 காந்த நாடாக்களில் சேமித்து வைத்தார். யாரும் அவரைப் பணிக்கவில்லை. 1995 முதல் டெஜா நியூஸ் நிறுவனம் மடல்களைச் சேமித்தது. கூகிள் நிறுவனம் 2001இல் அச்சேமிப்பை வாங்கி, ஸ்பென்சரின் நாடாக்களில் இருந்தவற்றையும் சேர்த்து இருபது ஆண்டு மடல்களைப் பொதுப்பார்வைக்கு விட்டது. யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகம் 2010 மே மாதம் தன் வழங்கியை நிறுத்தியது. கூகிளும் 2024 பெப்ரவரியில் புதிய யூஸ்நெட் மடல்களை ஏற்பதை நிறுத்தி, பழையவற்றை மட்டும் பார்வைக்கு வைத்துக்கொண்டது.

யாழ் நூலகம் 1981இல் எரிந்ததை நாம் மறக்கவில்லை. 2005இல் இளைஞர் சிலர் தொண்டாகத் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம முயற்சி, ஈழத்து அச்சுப் பிரதிகளைத் தேடிப் பாதுகாத்து வருவதற்கு அந்த நினைவும் ஒரு காரணம். ஆனால் 1990களில் புலம்பெயர்ந்த தமிழர் இணையத்தில் எழுதியவை அச்சேறாதவை. அவற்றின் பெரும்பகுதி இன்று அந்நிய நிறுவனமொன்றின் கிடங்கில் இருக்கிறது. அந்நிறுவனம் நம்மிடம் எந்த வாக்கும் கொடுத்ததில்லை. ஒரு தலைமுறையின் கோபமும் ஏக்கமும் அறிவும் பிழையும் அதற்குள் உண்டு. யாராவது நால்வர் கூடி, கேட்பாரின்றி, கூலியின்றி அவற்றைப் பிரதியெடுத்துப் பாதுகாக்க வேண்டும். அவர்களுக்கும் ஒருநாள் 'சதிக்குழு' என்ற பட்டம் கிடைக்கும். அதற்கு அஞ்சாதவர்கள் முன்வரட்டும்.