போக்கரில் வலுவான கைக்கான பந்தய அளவு: வரலாறு

போக்கர் சீட்டாட்டத்தில் வலுவான சீட்டுகளை வைத்திருக்கும் ஆட்டக்காரர் எவ்வளவு தொகையைப் பந்தயமாக வைக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் கேள்வியாகும். தொகை சிறிதானால் கிடைக்க வேண்டிய இலாபம் குறையும். பெரிதானால் எதிராளி சீட்டை மடித்து விலகிவிடக்கூடும். 'கேஷ் கேம்' எனப்படும் ஆட்டத்தில் ஒவ்வொரு வில்லையும் நேரடியாகப் பணத்தைக் குறிப்பதால், இம்முடிவில் நேரும் பிழை உடனடி இழப்பாகிறது.

இக்கேள்விக்குக் கணிதம் கண்ட விடை ஒன்றே. சரியான அளவைக் கையின் வலிமை மட்டும் தீர்மானிப்பதில்லை. அதே அளவில் வைக்கப்படும் 'பிளஃப்' எனும் பொய்ப் பந்தயங்களும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

கணிதத் தொடக்கம்

பிரான்சு நாட்டுக் கணிதவியலாளர் எமில் பொரேல், 1938 இல் வெளியான தமது நிகழ்தகவு நூலில், இருவர் ஆடும் எளிய போக்கர் மாதிரி ஒன்றை ஆராய்ந்தார். அதில் பந்தயத் தொகை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது. முதல் ஆட்டக்காரர் அத்தொகையை வைக்கலாம், அல்லது விலகலாம்.

ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மோர்கென்ஸ்டெர்னும் 1944 இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலிலும் போக்கர் இடம்பெற்றது. வலுவான கைகளோடு மிகப் பலவீனமான கைகளிலும் சில பந்தயம் வைக்க வேண்டும், இடைத்தரமானவற்றை வைத்துப் பந்தயமின்றி இருக்க வேண்டும் என்று அவர்களது ஆய்வு காட்டியது. அதுவரை துணிச்சலாகவோ குறும்பாகவோ கருதப்பட்ட பொய்ப் பந்தயம், கணக்கின் இன்றியமையாத பகுதி என்பது இதனால் தெளிவானது.

தொகையை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கும் மாதிரியை டொனால்ட் நியூமன் 1959 இல் ஆராய்ந்தார். இதன் தீர்வில் கை வலுக்க வலுக்கப் பந்தயமும் பெரிதாகிறது. ஆனால் ஒவ்வோர் அளவுக்கும் இணையாக ஒரு பலவீனமான கையும் அதே தொகையை வைக்கிறது. எனவே தொகையைப் பார்த்து எதிராளியால் கையை ஊகிக்க இயலாது. பந்தயத்துக்கு உச்சவரம்பு உள்ள ஆட்டத்தை வில்லியம் கட்லர் 1975 இல் ஆராய்ந்தார்.

கணக்கின் அடிப்படை

நடுவில் சேர்ந்திருக்கும் தொகை 'பாட்' எனப்படும். கடைசிச் சுற்றில் பாட் 100 டாலர் என்று கொள்வோம். பந்தயம் வைப்பவரிடம் இருப்பது உறுதியாக வெல்லும் கை, அல்லது ஒன்றுக்கும் உதவாத கை. எதிராளியிடம் இருப்பது இடைத்தரக் கை.

பந்தயம் 50 டாலரானால், பொய்ப் பந்தயத்தை இலாபமற்றதாக்க எதிராளி மூன்றில் இரண்டு முறை ஈடுகட்ட வேண்டும். 100 டாலரானால் இரண்டில் ஒரு முறையும், 200 டாலரானால் மூன்றில் ஒரு முறையும் போதும். எனவே வலுவான கைக்குச் சராசரியாகக் கிடைக்கும் கூடுதல் வரவு முறையே ஏறத்தாழ 33, 50, 67 டாலர். அதாவது, எதிராளி குறைந்த தடவைகளே ஈடுகட்டினாலும் பெரிய பந்தயமே அதிக இலாபம் தருகிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 50 டாலர் பந்தயங்களில் நான்கில் ஒன்றும், 100 டாலர் பந்தயங்களில் மூன்றில் ஒன்றும், 200 டாலர் பந்தயங்களில் ஐந்தில் இரண்டும் பொய்யாக இருக்க வேண்டும். வலுவான கைக்கு மட்டுமே 200 டாலர் வைப்பவரை எதிராளி அடையாளம் கண்டுகொண்டால் ஒருமுறைகூட ஈடுகட்டமாட்டார். அப்போது கூடுதல் வரவு சுழியமாகும்.

முந்தைய சுற்றுகளின் அளவும் முக்கியமானது. பாட் 100 டாலராகவும் இருவரிடமும் தலா 1300 டாலர் மீதமாகவும் இருக்க, மூன்று சுற்றுகளிலும் பாட்டுக்குச் சமமான தொகையை வைத்து எதிராளி ஈடுகட்டி வந்தால், பந்தயங்கள் 100, 300, 900 என வளர்ந்து முழுத்தொகையும் உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு முறையும் பாதிப் பாட் மட்டுமே வைத்தால் 50, 100, 200 என மொத்தம் 350 டாலரே சேரும். முதல் சுற்றின் தயக்கத்தைக் கடைசிச் சுற்றில் ஈடுசெய்வது கடினம். பாட்டை ஒரே விகிதத்தில் வளர்க்கும் இம்முறையை பில் சென், ஜெரோட் அங்கென்மன் ஆகியோர் 2006 இல் வெளியிட்ட போக்கர் கணித நூல் விளக்கியது.

இணையவழி ஆட்டம்

உண்மைப் பணத்துக்கான இணையவழி போக்கர் 1998 இல் பிளானட் போக்கர் தளத்தில் தொடங்கியது. இணையத் தளத்தில் 86 டாலர் செலுத்தித் தகுதிபெற்ற கிறிஸ் மணிமேக்கர், 2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 இலட்சம் டாலர் வென்றது பெருங்கூட்டத்தை இணைய மேசைகளுக்கு ஈர்த்தது.

இணையத்தில் வில்லைகளை எண்ணி அடுக்க வேண்டியதில்லை. தொகையைத் தட்டச்சு செய்தால் போதும். ஒருவர் ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஆடலாம். ஒவ்வோர் ஆட்டமும் எழுத்துக் கோப்பாகச் சேமிக்கப்படுவதால், ஒருவர் பெரிய தொகை வைத்தபோதெல்லாம் என்ன கை காட்டினார் என்பதைப் பின்னர் எண்ணிப் பார்க்க முடிந்தது. வலுவான கைக்கு ஓர் அளவு, பலவீனமான கைக்கு வேறோர் அளவு என்ற பழக்கம் இதனால் ஆபத்தானதாயிற்று.

கணினித் தீர்வுகள்

2015 முதல் தனிநபர் கணினிகளில் இயங்கும் 'சால்வர்' மென்பொருள்கள் பரவின. 2017 சனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு எதிராக 1,20,000 கைகள் ஆடி வென்றது. பாட்டைவிடப் பன்மடங்கு பெரிய பந்தயங்களை வலுவான கைகளோடும் வெற்றுக் கைகளோடும் அது வைத்தது. நியூமன் தாளில் கண்ட முடிவு மேசையிலும் செல்லுபடியாவதை இது காட்டியது.

வரம்புகள்

மேற்கண்ட தீர்வுகள் பிழை செய்யாத எதிராளியைக் கருதியவை. எத்தொகைக்கும் ஈடுகட்டும் பழக்கமுள்ளவரிடம் வலுவான கைக்குப் பெரிய தொகை வைத்துப் பொய்ப் பந்தயத்தைத் தவிர்ப்பதே கூடுதல் இலாபம் தரும். அஞ்சி விலகுபவரிடம் நிலைமை நேர்மாறானது. மேலும், கேஷ் கேம் தளங்கள் பாட்டிலிருந்து 'ரேக்' எனும் கட்டணத்தைக் கழிக்கின்றன. ஆகவே மேசையில் உள்ள அனைவரும் சமதிறமையுடன் ஆடினால் அனைவரும் இழப்பர். சரியான பந்தய அளவு ஈட்டித்தரும் இலாபம், அதை அறியாத இன்னோர் ஆட்டக்காரரின் பணமே ஆகும்.