சூரியப் புயலும் நெடுநாள் மின்தடையும்: முசிறி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

சூரியப் புயலால் நேரக்கூடிய மின்தடை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கனடா, ஸ்வீடன் போன்ற வடபுல நாடுகளை மனத்தில் கொண்டவை. காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு எதிரே இருக்கும் முசிறிக்கு அவை எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வட்டாரத்துக்கு நேரடி ஆபத்து குறைவு. ஆனால் எந்தக் காரணத்தால் மின்சாரம் வாரக்கணக்கில் நின்றாலும் முதலில் முறிவது குடிநீர் வழங்கல். ஆகவே இங்கு ஆயத்தம் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இதன் வாதம்.

புயலின் இயல்பு

சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பும் காந்தப் பிளாஸ்மா பூமியை அடையும்போது புவிக் காந்தப்புலம் கலங்குகிறது. அந்தக் கலக்கம் நிலத்தில் மின்புலத்தைத் தூண்டுகிறது. நிலத்தில் பதித்த இணைப்புகள் வழியே பெரிய மின்மாற்றிகளுக்குள் ஏறத்தாழ நேர்மின்னோட்டம் போன்ற ஒன்று நுழைந்து, இரும்பு உள்ளகத்தைக் காந்தச் செறிவுக்குத் தள்ளிச் சூடேற்றுகிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மரை இது பெரிதும் தொடாது. 400, 765 கிலோவோல்ட் நீள்வழித் தடங்களே இலக்கு. 1989 மார்ச் 13 அன்று கியூபெக் மாகாணத்தின் மின்தொகுப்பு இரண்டு நிமிடத்துக்குள் சரிந்து, சுமார் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தனர்.

தாழ்ந்த அட்சரேகையில் இருப்பதால் தமிழகத்தில் இந்த மின்னோட்டம் பொதுவாக வலுக்குறைந்ததே. ஆனால் முற்றிலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. 1859 செப்டம்பர் புயலின்போது மும்பை கொலாபா ஆய்வகத்தின் காந்தமானி சுமார் 1600 நானோடெஸ்லா சரிவைப் பதிவு செய்தது. காந்த நடுக்கோட்டை ஒட்டி வானில் ஓடும் பகல்நேர மின்னோட்டமோ தென்தமிழகத்துக்கு மேலேயே செல்கிறது. புயல் தொடங்கும் கணத்தின் அதிர்வை அது பெருக்கிக் காட்டும்.

ஒரே தொகுப்பு

நேரடித் தாக்கம் குறைவு என்றாலும் தொலைவில் நேரும் சரிவு இங்கும் எட்டலாம். சூரியப் புயல் இல்லாமலே 2012 ஜூலை 31 அன்று வட, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சரிந்து 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதிகள் மின்சாரம் இழந்தன. தெற்கு தப்பியது; ஏனெனில் அப்போது நம் தொகுப்பு தனித்து இயங்கியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் தெற்கை நாட்டோடு இணைத்தது. இணைப்பால் நன்மை பெரிது. அதேவேளை வடக்கே தொடங்கும் சரிவு முசிறி வரை வர வழியும் ஏற்பட்டுவிட்டது.

சரிந்த தொகுப்பை மீட்கப் புறத்துணையின்றிச் சுழலத் தொடங்கும் புனல்மின் நிலையங்கள் தேவை. மேட்டூரிலும் அதன் கீழுள்ள கதவணைகளிலும் மின்னாக்கிகள் உண்டு; ஆற்றில் நீர் வந்தால்தான் அவை சுழலும். கோடையில் தொகுப்பு சரிந்தால் மீட்பும் அந்த அளவுக்குக் கடினமாகும்.

கஜா புயலோடு உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. 2018 நவம்பர் 16-க்குப் பின் டெல்டாவில் சாய்ந்த கம்பங்களை நட வெளிமாவட்ட, வெளிமாநில மின் ஊழியர்கள் வந்தனர். கம்பம் லாரியில் வந்து சேரும். கருகிய பெரிய மின்மாற்றியோ ஒவ்வொன்றாகச் செய்வித்து வாங்க வேண்டியது; மாதங்கள் ஆகும். எல்லா மாவட்டமும் ஒரே நேரத்தில் இருண்டால் உதவிக்கு வர அண்டை மாவட்டமும் இராது. கையிருப்பை நம்பித்தான் ஊர் நிற்க வேண்டும்.

தண்ணீர் என்னும் முதல் முறிவு

காவிரிக்கரையில் இருந்துகொண்டு தண்ணீருக்குத் தவிப்பது எப்படி என்று தோன்றலாம். ஆற்றுப்படுகைக் கிணற்றிலிருந்து நீரேற்று நிலையம், அங்கிருந்து மேல்நிலைத் தொட்டி, பிறகு தெருக்குழாய் என்னும் வரிசையில் முதல் இரண்டு கட்டமும் மோட்டாரை நம்பியவை. திருச்சிக்கு அருகே எடுக்கும் நீர் இராமநாதபுரம் வரை போகிறது; இங்கு பம்பு நின்றால் அங்கும் குடம் காலி. திறந்த கிணற்றில் கயிறும் வாளியும் போதும். ஆழ்துளைக் கிணற்றின் குறுகிய குழாய்க்குள் நீர்மூழ்கி மோட்டாரும் ஏற்றுக்குழாயும் அடைத்துக் கிடக்க, கையால் ஒரு சொட்டும் இறைக்க முடியாது.

மாடிச் சூரியத் தகடுகள் கைகொடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. தொகுப்போடு மட்டும் இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் வேலை செய்யும் லைன்மேனைக் காக்க, தெருவில் மின்சாரம் நின்ற கணமே தானும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டது. மின்கலத்தோடு கூடிய கலப்பு வகை இன்வெர்ட்டர் இல்லையென்றால் உச்சி வெயிலிலும் அந்த வீட்டு மோட்டார் ஓடாது.

நீர் நின்றால் கழிப்பறையும் நிற்கும். இதற்கு விடை முசிறியிலேயே உள்ளது. ஸ்கோப் தொண்டு நிறுவனம் 2006-இல் இங்கு அமைத்த சூழல் கழிப்பறை, மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து, சாம்பல் தூவி உரமாக்குவது. ஊற்றிக் கழுவித் தள்ளும் நீர் அதற்கு வேண்டாம்.

செய்யத்தக்கவை

எச்சரிக்கை இரண்டு கட்டமாக வரும். சூரியனில் வெடிப்பைக் கண்டதும் ஒன்று முதல் மூன்று நாள் அவகாசம் உண்டு. புயலின் காந்தத் திசை, அதாவது அதன் உண்மையான கடுமை, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிற்கும் ஆதித்யா-எல்1 போன்ற விண்கலங்களை அது கடக்கும்போதே தெரியும்; அப்போது எஞ்சுவது ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவோதான். முதல் எச்சரிக்கையிலேயே எல்லாத் தொட்டிகளும் நிரம்பும்படி ஆணை வேண்டும். கடற்கரைக்குப் புயல் எச்சரிக்கை போகும் அதே வழியில் இந்த எச்சரிக்கையும் கிராம நிர்வாக அலுவலர் வரை வர வேண்டும்.

நீரேற்று நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் டீசல் ஜெனரேட்டருக்கு இரண்டு வார எரிபொருள் முன்கூட்டியே இருக்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது, சொந்த ஜெனரேட்டர் இல்லாத பெட்ரோல் பங்கின் பம்பும் ஓடாது. வார்டுதோறும் ஓர் அடிபம்பாவது பழுதின்றி இருக்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்று கொண்டால், ஐவர் குடும்பத்துக்கு இரண்டு வாரத்துக்கு 350 லிட்டர். மூடிய 500 லிட்டர் தொட்டி ஒன்று போதும்.

முடிவுரை

நூற்றாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய ஒன்றுக்கு இவ்வளவு செலவா என்று கேட்கலாம். இங்கே சொன்னவற்றில் சூரியப் புயலுக்கு மட்டுமே பயன்படுவது அந்த எச்சரிக்கை வழி ஒன்றுதான். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. மற்றவை கஜா போன்ற புயலுக்கும் காவிரி வெள்ளத்துக்கும் அதே அளவு உதவும். முசிறி நகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அடுத்த கோடைக்கு முன் தங்கள் அடிபம்புகளையும் ஜெனரேட்டர்களையும் கணக்கெடுத்து, பழுது நீக்கி, அந்தப் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.