மிதி இல்லாக் கிட்டார்: நரம்பு கூட்டிய வரலாறு

கிட்டாரை விரலால் அழுத்தி வாசிப்பவருக்கு ஒரே நேரத்தில் நான்கு விரல்கள் நான்கு இடங்களில் நிற்கக் கூடும். அக்கருவியையே மடியில் கிடத்தி, எஃகுக் கோலால் தந்திகளை வருடி வாசிப்பவருக்கு அந்த வசதி இல்லை. கோல் ஒரு நேர்கோடு; தொட்ட தந்திகளையெல்லாம் ஒரே அளவில் குறுக்கும். ஆகவே எந்தச் சுரத்திற்கு அருகில் எந்தச் சுரம் நிற்க வேண்டும் என்பதை, வாசிக்கத் தொடங்கும் முன்பே, பிரடையை முறுக்கும்போதே அவர் முடிவு செய்துவிட வேண்டும். யாழை அறிந்தவர்க்கு இது புதிதன்று. நரம்புக்கு ஒரு சுரமாக நின்ற அக்கருவிக்கு உரிய கலைத்தொழில் எட்டனுள் நரம்பு கூட்டும் பண்ணலைக் கானல்வரி முதலில் வைத்திருப்பது காரணமின்றி அன்று. ஹவாய்த் தீவுகளில் பிறந்த எஃகுக் கிட்டாரின் வரலாற்றையும் பண்ணலின் வரலாறாகவே பார்க்க இடமுண்டு.

கிட்டார் அத்தீவுகளுக்கு வந்தது மாடுகளின் பின்னே. ஆங்கில மாலுமி வான்கூவர் 1793இல் அரசருக்குப் பரிசாக விட்டுச் சென்ற மாடுகள் பெருகிக் காடுகளிலும் வயல்களிலும் அழிவு செய்தன. அவற்றை அடக்க 1830களில் மெக்சிக்கோ நாட்டு மாட்டுக்காரர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களோடு வந்த கிட்டார் அவர்கள் போன பின்னும் தங்கியது. அதன் பிரடைகளைத் தளர்த்தி, கோல் படாமலேயே ஆறு தந்திகளும் இசைவாக ஒலிக்குமாறு ஹவாய் மக்கள் கூட்டிக்கொண்டனர். இதற்குக் கீ ஹோஆலு என்று பெயர். தளர்த்திய பிரடை என்பது பொருள். இம்முறைகளுள் பரவலானதை நம் சுரப்பெயரால் சொன்னால் ப ச ப ச க ப என்று வரும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சேம்புப் பாத்தி! உழவர் வைத்த பெயர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேறு முறைகளோ குடும்பச் சொத்தாக இருந்தன. நம் மருத்துவக் குடும்பங்கள் மருந்தைக் காத்தது போல அவர்கள் கூட்டுமுறையைக் காத்தனர்.

இப்பின்புலத்தில்தான் ஜோசப் கெகூகூ தோன்றுகிறார். ஓஹாஹூ தீவின் லாயியே என்னும் ஊரில் 1874இல் பிறந்தவர். ஹொனலூலுவின் கமேஹமேஹா ஆண்கள் பள்ளியில் பயின்றவர். 1889ஆம் ஆண்டளவில் இருப்புப்பாதை ஓரம் நடக்கையில் ஒரு திருகாணியை எடுத்துத் தந்தியில் உரசிப் பார்த்தார் என்பது வழங்கிவரும் கதை. கதை எப்படியாயினும், அதற்குப் பின் அவர் செய்தவையே முதன்மையானவை. பள்ளியின் பட்டறையில் வழவழப்பான எஃகுக் கோல் ஒன்றைக் கடைந்துகொண்டார். குடல் நரம்பை நீக்கி எஃகுத் தந்தி பூட்டினார். கோல் மெட்டுகளில் இடிக்காதவாறு தந்திகளை உயர்த்தினார். ஒரு தற்செயலை ஒரு கருவியாக்கியவை இந்த மூன்றுமே.

கெகூகூவுக்கு முன்பே இதைச் செய்தார் என்று கேப்ரியல் டேவியன் என்பவரையும் சிலர் குறிப்பிடுவர். அவர் இந்தியாவில் பிறந்து, ஒரு கப்பல் தலைவனால் கடத்தப்பட்டு ஹொனலூலு சேர்ந்தவராம். இச்செய்தியைக் கேட்டதும் நம்மவர் சிலருக்குத் தஞ்சைப் பகுதியின் கோட்டுவாத்தியம் நினைவுக்கு வருகிறது. அதுவே எஃகுக் கிட்டாரின் தாய் என்று எழுதியும் விடுகின்றனர். வருடி வாசிக்கும் முறை இரண்டிற்கும் பொது என்பது உண்மை. ஆயினும் ஒருவர் பிறந்த நாட்டை மட்டும் கொண்டு கருவியின் குலத்தை முடிவு கட்டுவது ஆசையே தவிர ஆராய்ச்சி அன்று.

கெகூகூ 1904இல் தீவை விட்டுப் புறப்பட்டு அமெரிக்கப் பெருநிலத்திற்குச் சென்றார். அதற்கு முன் அங்கு நடந்தவை மறக்கத்தக்கன அல்ல. 1893இல் அரசி லிலியுஓகலானி அரியணையிலிருந்து இறக்கப்பட்டார்; பாடல்கள் புனைந்த அரசி அவர். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. மொழி வகுப்பறையை விட்டு விலக்கப்பட்ட அதே தலைமுறையில்தான் ‘சொர்க்கப் பறவை’ என்னும் நாடகமும் (1912) சான் பிரான்சிஸ்கோவின் பெரும் பொருட்காட்சியும் (1915) ஹவாய் இசையின் மீது அமெரிக்கருக்குத் தீராத மோகத்தை உண்டாக்கின. இசையை விரும்பியவர்களுக்கு அம்மொழி வேண்டியிருக்கவில்லை. பாட்டின் சொற்கள் ஆங்கிலமாயின. எஃகுக் கோலின் குழைவு மட்டும் ஹவாயாக நின்றது.

அக்காலக் கலைஞர்கள் கையாண்டது பெரும்பாலும் ஏ மேஜர் என்னும் கூட்டு. கோலை எங்கே நேராக வைத்தாலும் ஒரு மேஜர் இசைவு கிடைக்கும். மகிழ்ச்சிப் பாட்டுக்கு அது போதும். மைனர் இசைவு, அதாவது சாதாரண காந்தாரத்தின் சாயல், வேண்டுமானால் கோலைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். மேலே போகப் போக இடைவெளி குறுகுவதால் சாய்வின் அளவும் மாறும். மயிரிழை பிசகினாலும் அபசுரம். 1919இல் கப்பலில் ஒளிந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்ற சோல் ஹோஓபிஇ, சி ஷார்ப் மைனர் என்னும் கூட்டை அமைத்து இந்தச் சுவரைக் கடந்தார். அவர் காலத்தில் ஜாஸ் இசையின் சிக்கலான இசைவுகள் எஃகுக் கிட்டாருக்கு எட்டின. கோலை மாற்றவில்லை, கையை மாற்றவில்லை, நரம்பைத்தான் மாற்றினார்.

அடுத்து வந்தது சி ஆறாம் கூட்டு. கீழிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. நம் முறையில் ச க ப த ச க. மோகனத்தில் ரிஷபத்தை மட்டும் நீக்கியது போன்ற வரிசை. இதன் அழகை விளக்க யாழ்நூல் (1947) வழி பாலைத் திரிபு பயின்றவருக்கு நெடிய உரை வேண்டாம். ச க ப என்னும் மூன்றில் கோல் பட்டால் மேஜர். அங்கிருந்து நகராமல் த ச க என்னும் மூன்றை மட்டும் மீட்டினால், தைவதம் குரலாகி, மைனர். கோல் ஒன்று, இடம் ஒன்று, மெய்ப்பாடு இரண்டு. ஒரே அடியை இருவகையாக அலகிட இடம் தரும் யாப்பைப் போன்றது இது.

கூட்டு மாறினால் தந்தியும் மாற வேண்டும் என்பதைப் பலர் பட்டறிவால்தான் கற்றனர். நீளம் மாறாத தந்தியை ஒரு முழுச் சுரம் உயர்த்தினால் இழுவிசை ஏறத்தாழக் கால் பங்கு கூடும். மெல்லிய தந்தி தாங்காது. பருத்த தந்தியைத் தாழ்த்தினால் தொய்ந்து, கோலின் பாரத்தில் அமிழ்ந்து சுருதி விலகும். எல்லாத் தந்தியிலும் இழுவிசை கிட்டத்தட்ட ஒத்திருந்தால்தான் கனமான கோல் சமமாகச் சறுக்கும். சி ஆறாம் கூட்டுக்கு முதல் தந்தி 0.015 அங்குலப் பருமனும் ஆறாம் தந்தி 0.036 அங்குலப் பருமனும் கொள்வது ஒரு வழக்கம். கம்பி சுற்றிய தந்திகளில் கோல் உரசும் சீற்றம் கேட்குமாதலால், மேல் தந்திகளைச் சுற்றின்றி வெறுங்கம்பியாக வைப்பர். கடையில் கிடைத்த கிட்டார்த் தந்தியைப் பூட்டி, இசை வரவில்லை என்று கருவியை நொந்துகொள்பவர் எங்கும் உண்டு.

உலகில் பரவலாக விற்பனையான முதல் மின் கிட்டார் எஃகுக் கோலுக்கென்றே செய்யப்பட்டது என்பது பலர் அறியாதது. ஜார்ஜ் போஷாம் வடிவமைத்து 1932இல் ரிக்கன்பேக்கர் வெளியிட்ட அக்கருவிக்கு உருவத்தால் வந்த பெயர் வாணலி. அலுமினிய வார்ப்பு; மேடை விளக்கின் சூட்டில் உலோகம் விரிந்து, கூட்டிய சுருதி கலைந்துவிடும். 1935இல் பேக்கலைட் உடல் வந்த பின்னரே அத்தொல்லை குறைந்தது. ஆனால் பாட்டின் நடுவே கூட்டு மாற்ற முடியாது என்ற பழைய குறை அப்படியே இருந்தது. அதற்கு விடையாக ஒரே பெட்டியில் இரண்டு, மூன்று, நான்கு கிட்டார்களை அடுக்கினர். 1953இல் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ரிங்மாஸ்டரில் கழுத்துக்கு எட்டாக, நான்கு கழுத்துக்கு முப்பத்திரண்டு தந்திகள்! மேசை அளவு கருவியின் முன் கலைஞர் நின்று வாசித்தார்.

அதே 1953இல் பட் ஐசக்ஸ் பதிவு செய்த ஒரு பாட்டு இந்த அடுக்கைத் தேவையற்றதாக்கியது. ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியை மிதியால் இழுத்துச் சுருதி மாற்றினார். அடுத்த ஆண்டு அது பெருவெற்றி பெற்றது. அமெரிக்க நாட்டுப்புற இசைக்காரர்கள் மிதிக் கருவிக்கு மாறினர். அவ்வாறு மாறாதவர் ஜெர்ரி பர்ட். ஓஹாயோ மாநிலத்து லைமாவில் 1920இல் பிறந்தவர், வெள்ளையர். ஊருக்கு வந்த ஹவாய்க் குழுவைச் சிறுவயதில் கேட்டு மயங்கியவர். சி ஆறாம் கூட்டைப் பரப்பிய பெருமை அவருக்கே உரியதாகச் சொல்லப்படுகிறது. மிதி செய்யும் வேலையைச் சாய்ந்த கோலும் தேர்ந்த கூட்டும் செய்ய முடியும் என்று வாசித்துக் காட்டிய அவரை, அதனாலேயே நாகரிகம் பின்தள்ளியது.

1972இல் அவர் ஹொனலூலுவில் குடியேறினார். அங்கே அவர் கண்டது வறட்சி. முதிய கலைஞர்கள் சிலர் இருந்தனர். பின்தொடரும் இளைஞர் அரிதாயினர். கூட்டுமுறையை மறைத்துக் காத்த வழக்கமும் இதற்கு ஒரு காரணமாகலாம். காத்தவரோடு மறைந்தவை எத்தனையோ. பர்ட் எதையும் மறைக்காமல் கற்பித்தார். அவரிடம் பயின்ற ஆலன் அகாகா இன்று பெயர் பெற்ற ஆசிரியர். அயலார் ஒருவர் நம் பொருளை நமக்கே கற்பிப்பதா என்ற கேள்வி எழாமல் இருந்திருக்காது. தாம் தீவின் இசையிலிருந்து கற்றதைத் தீவில் திருப்பிக் கொடுத்தவர் என்றே அவரை மதிப்பிடத் தோன்றுகிறது. ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தவர்களை நாம் அவ்வாறுதான் மதிக்கிறோம்.

1978இல் ஹவாய் மொழி மீண்டும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 1987இல் அம்மொழி வழியே கற்பிக்கும் பொதுப்பள்ளி வகுப்புகள் தொடங்கின. பர்ட் 2005 ஏப்ரலில் ஹொனலூலுவில் மறைந்தார். ஓஹாயோக்காரர் பரப்பிய சி ஆறாம் கூட்டில்தான் தீவுச் சிறுவர் பலர் இன்று முதற்பாடம் தொடங்குகின்றனர். கெகூகூ காலத்து ஏ மேஜரை விரும்புவோர், அதற்கென வேறு தந்திகள் பூட்டிய இன்னொரு கிட்டாரை அருகில் வைத்துக்கொள்கின்றனர்.